குளிர்காலம் வார்த்தெடுக்கும் வெள்ளை ஒயின்

நவம்பர் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை, பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் இருக்கும் மெர்சோ என்ற சிற்றூரில் ஒரு விருந்து நடக்கும். திராட்சைக் கொடிகள் இலை உதிர்த்து வெறும் கட்டைகளாக நிற்கிற பருவம் அது. ஊர்க் கோட்டைக்குள் நண்பகலில் பந்தியில் உட்காருகிறவர்கள் எழுந்திருப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அறுவடை முடிந்ததும் தோட்டக்காரரும் வேலையாட்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பழைய வழக்கம் ஒன்று அங்கே இருந்தது. வழக்கொழிந்து கிடந்த அதை 1923இல் ஜூல் லஃபோன் என்ற தோட்ட உரிமையாளர் மீட்டெடுத்தார். 'போலே' என்பது விருந்தின் பெயர். வருகிறவர்கள் புட்டியைத் தாங்களே கையோடு கொண்டுவர வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கும் ஊற்றித் தர வேண்டும்.

மெர்சோ வெள்ளை ஒயினுக்குப் பேர்போன ஊர். ஆகவே அந்தக் குளிரில் பந்தியெங்கும் வலம் வருவது பெரும்பாலும் வெள்ளைதான்.

வெள்ளை ஒயின் வெயில் காலத்துக்கு உரியது, குளிர் வந்துவிட்டால் சிவப்புக்கு மாறிவிட வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஐஸ் வாளியில் வைத்துச் சில்லென்று குடிக்கிற சாவின்யோன் பிளாங், பினோ கிரிஜியோ போன்ற மெல்லிய ஒயின்களை வைத்துப் பார்த்தால் அது சரியே. ஆனால் வெள்ளையில் இன்னொரு வகை உண்டு. வாயில் வைத்தால் கனம் தெரியும். நாக்கை வழவழவென்று போர்த்தும், அல்லது லேசாகத் துவர்க்கும். விழுங்கிய பிறகும் சற்று நேரம் தங்கும். பெரும்பாலும் நிலவறையின் குளிரில் மாதக்கணக்கில் கிடந்துதான் இவை இந்தக் கனத்தைப் பெறுகின்றன. குடிக்க ஏற்ற காலமும் அதே குளிர்காலம்தான்.

நாக்கு தொட்டுப் பார்க்கிறது

ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாசனையையும் சுவையையுமே அதிகம் சொல்வார்கள். எலுமிச்சை, பீச் பழம், வெண்ணெய், தேன் என்று பட்டியல் நீளும். இவற்றுக்கு அப்பால் வாய் இன்னொரு வேலையும் செய்கிறது. நாக்கு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் எல்லாம் வந்த பொருளைத் தொட்டுப் பார்க்கின்றன. நீர்த்ததா, கெட்டியா, வழுக்குகிறதா, உரசுகிறதா, சுடுகிறதா, குத்துகிறதா என்று அவைதான் மூளைக்குச் சொல்கின்றன.

அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பு, உடலியல் கணக்கில் பெரும்பாலும் தொடு உணர்ச்சியைச் சேர்ந்தது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். உமிழ்நீரின் வழுக்கல் குறையும். வாய் உலர்ந்து இழுப்பதுபோல் தோன்றும். சிவப்பு ஒயினில் இது வெளிப்படை. வெள்ளை ஒயினில் பொதுவாக இருக்காது, ஏனென்றால் பழத்தைப் பிழிந்த உடனே சாற்றைத் தோலிலிருந்து பிரித்துவிடுகிறார்கள். ஆக, வெள்ளைக்குக் கனம் வேண்டுமென்றால் வேறு வழிகளில்தான் வர வேண்டும்.

ஆல்கஹால் ஒரு வழி. அளவு கூடினால் நாக்கில் பாரமும் தொண்டையில் சூடும் கூடும். மிச்சமிருக்கும் சர்க்கரை இன்னொரு வழி. கிளிசரால் என்ற பொருளுக்குப் பலர் பெரிய பெருமை தருவார்கள். ஒரு லிட்டர் ஒயினில் அது பொதுவாக 5 முதல் 10 கிராம் வரை இருக்கும். அந்த அளவு சிறிது இனிப்பைத் தருமே ஒழிய, கனத்தைப் பெரிதாகக் கூட்டாது. கோப்பையைச் சுழற்றியதும் உட்சுவரில் வழியும் கோடுகளைக் காட்டி, "பாருங்கள், எவ்வளவு கெட்டியான ஒயின்" என்று வியப்பதும் வாடிக்கை. ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால் நீர்மத்தின் பரப்பு இழுவிசையில் உண்டாகும் வேறுபாடே அந்தக் கோடுகளுக்குக் காரணம். 1855இலேயே ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கிவிட்டார். அதில் தரத்துக்குச் சான்று எதுவும் இல்லை.

உண்மையான வேலை நடப்பது கோப்பைக்கு வெகு முன்னால், நிலவறையில்.

மண்டியோடு ஒரு குளிர்காலம்

ரசத்தைத் தெளிவாக இறுத்துக் குடிப்பதற்கும் அடிமண்டியைக் கலக்கிச் சோற்றில் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவருக்கு இந்த நுட்பம் எளிதில் பிடிபடும். திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. தின்று முடித்ததும் செத்து அடியில் படிகிறது. இந்த மண்டியை உடனே அகற்றிவிட்டால் தெளிந்த, துடிப்பான, மெலிந்த ஒயின் கிடைக்கும். அகற்றாமல் விட்டால், செத்த ஈஸ்ட் செல்களின் சுவர் மெல்ல மெல்லச் சிதைந்து மேனோபுரதம் என்ற பொருள் ஒயினில் கரையும். புளிப்பின் கூர் மழுங்கி, வாயில் ஒரு வழவழப்பு ஏறும். கூடவே புளித்த மாவின் சாயலும், சில சமயம் ரொட்டி வாசனையும் வரும். மண்டி ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் கெடாமலும் காக்கப்படும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு மஸ்கடே. லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, நான்ட் நகரைச் சுற்றி விளைவது. மெலோன் த பொர்கோஞ் என்பது திராட்சையின் பெயர். பெயரே சொல்வதுபோல் பர்கண்டியிலிருந்து வந்தது. 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் நான்ட் வட்டாரத்துக் கொடிகள் பெருமளவு பட்டுப்போயின. குளிர் தாங்கும் என்பதற்காக அதன் பிறகு மெலோனைப் பரவலாக நட்டார்கள். இந்தத் திராட்சைக்கு வாசனை குறைவு, நிறம் குறைவு. ஒயினின் ஆல்கஹாலும் 12 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். தன்னளவில் சாதுவான இந்த ஒயினுக்கு ஆளுமை தருவது மண்டிதான்.

புட்டியில் 'சூர் லீ' என்று போட்டிருந்தால், அந்த ஒயின் ஒரு குளிர்காலம் முழுவதும் மண்டியின் மேலேயே கிடந்தது என்று பொருள். அறுவடைக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1 வரை அதைப் புட்டியில் அடைக்கக் கூடாது என்பது சட்டம். அதுவரை பெரும்பாலும் தரைக்கு அடியில் கட்டிய தொட்டிகளில் அசையாமல் கிடக்கும். வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் நேரே புட்டியில் அடைப்பதால் சிறிது கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தங்கி, நாக்கு நுனியில் லேசாகச் சுருக்கென்று குத்தும். கிளிசோன், கோர்ஜ் போன்ற சில ஊர்களின் மஸ்கடேக்கு 2011இல் தனித் தகுதி வழங்கப்பட்டது. அவற்றின் உயர்ரக ஒயின்கள் இரண்டு குளிர்காலங்களோ அதற்கு மேலோ மண்டியில் ஊறுகின்றன. சிப்பிக்குத் துணையான மலிவு ஒயின் என்று மஸ்கடேயை ஒதுக்கியவர்கள் இவற்றைக் குடித்தால் அதே திராட்சைதானா என்று கேட்பார்கள்.

வெண்ணெய் வந்த வழி

பர்கண்டியில் இதே வித்தை மரப்பீப்பாயில் நடக்கிறது. ஷார்டொனே திராட்சையின் சாற்றை 228 லிட்டர் பிடிக்கும் ஓக் பீப்பாயில் ஊற்றி, அங்கேயே நொதிக்கவிட்டு, மண்டியோடு வைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ மேலே உள்ள துளை வழியாகக் கோலை விட்டுக் கலக்குவார்கள். அடியில் படிந்தது பால்போல் எழுந்து மறுபடி மெல்லப் படியும். நொதித்து முடித்த ஒயினைப் பிறகு பீப்பாயில் ஊற்றினால் மர வாடை தூக்கலாக அடிக்கும். பீப்பாயிலேயே மண்டியோடு நொதித்த ஒயினில் அது குறைவு. மர வாசனையில் ஒரு பங்கை மண்டியே உறிஞ்சிக்கொள்வதே காரணம்.

அடுத்த மாற்றத்தைச் செய்வது பாக்டீரியா. திராட்சையில் இருக்கும் மாலிக் அமிலம் பச்சை ஆப்பிளின் கூர்மையான புளிப்பைக் கொண்டது. ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா அதைத் தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். புளிப்பு தணியும், ஒயின் உருண்டு திரளும். மாற்றத்தின்போது உண்டாகும் டை அசிட்டைல் என்ற பொருள்தான் வெண்ணெய் வாசனைக்குக் காரணம். வெண்ணெய் மணக்கும் பாப்கார்னில் ஒரு காலத்தில் பரவலாகச் சேர்த்ததும் இதையே. இந்தப் பாக்டீரியாவுக்குக் குளிர் ஆகாது. நிலவறை குளிர்ந்ததும் வேலை நின்றுவிடும், வசந்தத்தில் வெப்பம் ஏறியதும் மறுபடி தொடங்கும். நிலவறைகளைச் சூடாக்கும் வசதி வருவதற்கு முன், பர்கண்டிக்காரர்கள் தை, மாசி மாதங்களைக் காத்திருப்பதிலேயே கழித்தார்கள். மண்டியில் ஒயின் ஊறுவதற்கு அந்த நீண்ட இடைவெளி வசதியாகப் போயிற்று.

வித்தை கைமீறியும் போயிருக்கிறது. 1980, 90களில் கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலர் ஷார்டொனேயில் வெண்ணெயையும் ஓக்கையும் வாரி இறைத்தார்கள். திகட்டிப்போன ஒயின் பிரியர்கள் "ஷார்டொனேயைத் தவிர எது வேண்டுமானாலும் கொடு" என்று கேட்கும் அளவுக்கு வந்தது. பர்கண்டியிலும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. 1990களின் நடுவில் அடைத்த விலையுயர்ந்த வெள்ளை ஒயின்கள் பல, பத்து இருபது ஆண்டு நிற்க வேண்டியவை, சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிச் சப்பென்று ஆயின. தக்கை, கந்தகக் குறைப்பு, பழத்தைப் பிழிந்த முறை, அளவுக்கு மீறிய கலக்கல் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. அதன் பிறகு கோலை எடுப்பதையே குறைத்துக்கொண்டவர்கள் அங்கே பலர். இன்றைய நல்ல மெர்சோவில் வழவழப்பும் இருக்கும், அதை நிமிர்த்தி நிறுத்தும் புளிப்பும் இருக்கும்.

பிறவியிலேயே கனத்தவை

சில திராட்சைகளுக்கு இவ்வளவு சிகிச்சை வேண்டாம். ரோன் ஆற்றங்கரையின் செங்குத்தான சரிவில் கோன்ட்ரியூ என்ற ஊர் இருக்கிறது. அங்கு விளையும் வியோன்யே, பாதாமி வாசனையும் குறைந்த புளிப்பும் எண்ணெய்போன்ற கனமும் கொண்டது. வேலை கடினம், விளைச்சல் குறைவு என்பதால் 1960களில் கோன்ட்ரியூவில் சில ஹெக்டேர் மட்டுமே எஞ்சியிருந்தன. அங்கிருந்து மீண்டு இன்று கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா வரை பரவிவிட்டது. அதே ஆற்றோரம் இன்னும் தெற்கே ஹெர்மிடாஜ் குன்றில் விளையும் மார்சான், ரூசான் இரண்டும் இன்னும் அடர்த்தியானவை. ஆஸ்திரேலியாவின் டாபில்க் தோட்டத்தில் 1927இல் நட்ட மார்சான் கொடிகள் இப்போதும் காய்க்கின்றன.

விலைக்கு ஏற்ற மதிப்பு வேண்டுவோர் செனின் பிளாங் பக்கம் திரும்பலாம். அதன் தாயகம் லுவார் பள்ளத்தாக்கு. ஆனால் இன்று உலகிலேயே அதிகம் பயிராவது தென்னாப்பிரிக்காவில். ஸ்வார்ட்லாண்ட் பகுதியில் கம்பியும் பந்தலும் இல்லாமல் குத்துச்செடிகளாக, பெரும்பாலும் மழையை மட்டுமே நம்பி வளரும் கிழட்டுக் கொடிகள் இருக்கின்றன. காய்ப்பு குறைவு, சாற்றில் அடர்த்தி அதிகம். மலிவு ஒயினுக்குப் போய்க்கொண்டிருந்த இவற்றை ரோசா குரூகர் என்ற கொடி வல்லுநர் ஊர் ஊராகத் தேடிப் பட்டியலிட்டார். அந்த முயற்சியில் பிறந்த 'ஓல்ட் வைன் புராஜெக்ட்' 35 வயதும் அதற்கு மேலும் ஆன தோட்டங்களுக்குச் சான்று தருகிறது. புட்டியின் கழுத்தில் ஒட்டும் முத்திரையில் கொடி நட்ட ஆண்டே அச்சாகியிருக்கும். கடையில் வாங்குகிறவருக்கு இதைவிட நேரான தகவல் கிடைப்பது அரிது.

செனின் பிளாங் நம் நாட்டுக்கும் புதிதில்லை. நாசிக்கில் 1997இல் கொடி நட்டு, 2000இல் முதல் ஒயினை வெளியிட்ட சூலா நிறுவனம் தொடங்கியதே அதையும் சாவின்யோன் பிளாங்கையும் வைத்துத்தான். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் நடக்கும் அறுவடை நாசிக்கில் ஜனவரி முதல் நடக்கிறது. மழை ஓய்ந்த பிறகு கவாத்து செய்து, குளிர்மாதங்களில் பழுக்கவிடுகிறார்கள். இரவுக் குளிர்தான் அங்கே பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. இந்தியச் செனின் பெரும்பாலும் லேசான இனிப்போடு இளசாகவே வருகிறது. கனம் தேடுகிறவருக்கு சூலாவின் 'திந்தோரி ரிசர்வ்' வியோன்யே போன்றவை நெருக்கமாக இருக்கும்.

மண்ணுக்குள் ஆறு மாதம்

தோலை உடனே பிரித்துவிட்டால்தான் வெள்ளை ஒயின் என்ற விதியையே ஜார்ஜியா நாட்டுக்காரர்கள் மதிப்பதில்லை. அவர்கள் ஒயின் செய்யத் தொடங்கியபோது அப்படி ஒரு விதியே இல்லை. கடாச்ரிலி கோரா, ஷுலவேரிஸ் கோரா என்ற மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் ஒயினின் எச்சத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2017இல் வெளியிட்டார்கள். காலம் கி.மு. 6000 அளவு.

காகேதி மாநிலத்தின் முறை இது. அடி கூம்பிய, முட்டை வடிவான பெரிய மண் தாழி, பெயர் க்வெவ்ரி. உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை தரையில் புதைத்திருப்பார்கள். ர்காட்சிதெலி போன்ற வெள்ளைத் திராட்சையை மிதித்து, சாறு, தோல், விதை, சில சமயம் காம்பு எல்லாவற்றையும் உள்ளே கொட்டுவார்கள். பொங்கி நொதிக்கும்போது மேலே திரளும் தோலை ஒரு நாளைக்குப் பல முறை உள்ளே அமுக்கிவிட வேண்டும். நொதிப்பு அடங்கியதும் மூடியிட்டு, களிமண்ணால் வாயை அடைத்துவிடுவார்கள். விதைகள் கூம்பின் நுனியில் போய்ச் சேர, அவற்றின் மேல் மண்டி மூடிக்கொள்ளும். விதையின் கசப்பு ஒயினில் ஏறாமல் தாழியின் வடிவமே பார்த்துக்கொள்கிறது. வெளியே பனி பெய்தாலும் மண்ணுக்குள் வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. வசந்தத்தில் மூடியைத் திறந்தால் நிறம் தேன்போல, சில சமயம் தேநீர்போல இருக்கும். வாயில் உலர்ந்த பாதாமியும் அக்ரூட்டும் மணக்கும், கூடவே கட்டன்சாயாவின் துவர்ப்பு இழுக்கும். இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய ஒஸ்லாவியா என்ற ஊரில் யோஷ்கோ கிராவ்னர் என்ற ஒயின்காரர் இருக்கிறார். ஸ்டீல் தொட்டி, புது ஓக் பீப்பாய் என்று நவீன முறைகளை எல்லாம் செய்து பேர் வாங்கியவர். சலித்துப்போய் 1990களின் பிற்பாதியில் வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைத்துப் பார்த்தார். 2000இல் ஜார்ஜியா சென்றார். 2001 அறுவடையைத் தாழியில் இறக்கினார். அவருடைய ரிபோல்லா ஒயின் கலங்கலாகவும் செம்மஞ்சளாகவும் வந்தபோது முகம் சுளித்தவர்கள் பலர். இன்றும் அவர் அறுவடையிலிருந்து ஏழு ஆண்டு கழித்தே ஒயினை விற்பனைக்கு அனுப்புகிறார். தோலோடு ஊறிய வெள்ளைக்கு ஆரஞ்சு ஒயின் என்று இப்போது நகரத்து உணவகங்களில் தனிப் பட்டியல் போடும் அளவுக்கு வந்ததில் அவருக்கும், அதே ஊரைச் சேர்ந்த ஸ்டாங்கோ ராடிகோனுக்கும் பெரும் பங்குண்டு.

ஆறு ஆண்டு, மூன்று மாதம்

குளிர்கால வெள்ளையின் உச்சத்தைக் காண ஜூரா மலைப்பகுதிக்குப் போக வேண்டும். பிரான்ஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில், பனி அதிகம் விழும் இடம். லூயி பாஸ்டர் வளர்ந்ததும், ஒயினை ஆராய்வதற்காகவே சிறு தோட்டம் வாங்கியதும் இங்குள்ள அர்புவா ஊரில்தான்.

பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய ஊற்றி நிரப்புவது எல்லா ஊரிலும் வழக்கம். ஜூராக்காரர்கள் 'வான் ஜோன்' என்ற ஒயினுக்கு அதைச் செய்வதில்லை. சவன்யான் திராட்சையின் ஒயினைப் பீப்பாயில் இட்டு, குறைந்தாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஏடாகப் படரும். காற்று நேராகப் படாமல் அது தடுக்கும். அறுவடைக்குப் பின் ஆறாவது ஆண்டு டிசம்பர் 15 வரை இப்படியே இருக்க வேண்டும், அதில் குறைந்தது 60 மாதம் ஏட்டுக்கு அடியில். ஒரு லிட்டரில் எஞ்சுவது ஏறத்தாழ 62 சென்டிலிட்டர் என்று சொல்வார்கள். புட்டியின் அளவும் அதுவே. அக்ரூட், வெந்தயம், கறிப்பொடி எல்லாம் கலந்த ஒரு மணம். வெந்தய வாசனைக்குக் காரணமான சோட்டலோன் என்ற அதே பொருள் இதிலும் உண்டாகிறது. புதிய ஆண்டின் வான் ஜோன் விற்பனைக்கு வருவதை 1997 முதல் பிப்ரவரிக் குளிரில் ஊர்த் திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

கொழுப்போடு ஒரு கூட்டு

இந்த ஒயின்கள் குளிர்காலத்தில் எடுபடுவதற்குப் பாதிக் காரணம் தட்டில் இருக்கிறது. அந்தப் பருவத்தில் ஐரோப்பியர்கள் சாப்பிடுவது பாலாடைக்கட்டி, க்ரீம், வெண்ணெயில் வதக்கிய காளான், வறுத்த கோழி, உருளைக்கிழங்கு. மெல்லிய வெள்ளை ஒயின் இவற்றுக்கு நடுவே காணாமல் போய்விடும். பல சிவப்பு ஒயின்களின் டானினோ பாலாடைக்கட்டியோடு மோதிக் கசக்கும். கனமும் புளிப்பும் சேர்ந்த வெள்ளை இரண்டையும் சமாளிக்கிறது.

ஜூராவின் மோன்தோர் பாலாடைக்கட்டி குளிர்காலத்துக்கென்றே உள்ளது. கோடை நடுவில் தயாரிக்கக் கூடாது. விற்பனை செப்டம்பர் 10 முதல் மே 10 வரை மட்டும். தேவதாரு வகை மரப்பட்டையால் வரிந்து, வட்டமான மரப்பெட்டியில் வரும். மேல்தோலைக் கீறி, பூண்டுப் பற்களைச் செருகி, ஜூராவின் வெள்ளை ஒயினைச் சிறிது ஊற்றி, பெட்டியோடு அடுப்பில் வைப்பார்கள். உருகிக் கொதிப்பதைக் கரண்டியால் எடுத்து வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிக்கொள்வார்கள். ஊற்றிய அதே ஒயின் கோப்பையிலும் இருக்கும்.

எல்லை தாண்டினால் ஃபோன்ட்யூ. பாலாடைக்கட்டியை வெள்ளை ஒயினோடு உருக்கி, ரொட்டித் துண்டைத் தோய்த்துச் சாப்பிடுவது. ஒயினின் அமிலம் கட்டி திரண்டு நூல் நூலாகப் பிரியாமல் காக்கிறது. 1914 முதல் 1999 வரை இயங்கிய சுவிஸ் பாலாடைக்கட்டிச் சங்கம்தான் 1930களில் விளம்பரம் செய்து இதை நாட்டின் உணவாக நிலைநிறுத்தியது. இதோடு வெள்ளை ஒயின் குடித்தால் செரிக்குமா, சூடான தேநீர் குடித்தால் செரிக்குமா என்பது சுவிஸ் வீடுகளில் ஓயாத வழக்கு. சூரிச்சில் 20 பேருக்கு ஃபோன்ட்யூ கொடுத்துச் சோதித்த முடிவு 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒயின் குடித்தவர்களின் வயிறு காலியாக அதிக நேரம் எடுத்தது. ஆனால் ஆரோக்கியமானவர்களுக்கு அதனால் கூடுதல் உபாதை எதுவும் தெரியவில்லை.

ஜார்ஜியாவில் புத்தாண்டுக்குச் செய்யும் சத்சிவி, அரைத்த அக்ரூட் குழம்பில் ஊறிய வான்கோழி அல்லது கோழி. ஆறவைத்தே பரிமாறுவார்கள். அக்ரூட்டின் எண்ணெய்ப் பிசுக்கைத் தாழி ஒயினின் துவர்ப்பு ஒவ்வொரு மிடறிலும் துடைத்துவிடும்.

குளிரூட்டியிலிருந்து வெளியே

இவ்வளவு வேலை செய்து ஏற்றிய கனத்தை ஒரே நொடியில் கெடுக்க முடியும். 4 டிகிரி குளிரூட்டியிலிருந்து எடுத்ததும் ஊற்றினால் போதும். கடுங்குளிரில் வாசனை எழாது, புளிப்பும் துவர்ப்பும் தூக்கும், மற்றவை ஒடுங்கும். மஸ்கடே போன்றவற்றுக்கு 9, 10 டிகிரி. மெர்சோ, வியோன்யே, நல்ல செனின் ஆகியவற்றுக்கு 11 முதல் 13. தாழி ஒயினும் வான் ஜோனும் 14, 15 டிகிரியில்தான் வாய் திறக்கும். நடைமுறையில், ஐரோப்பியக் குளிர்கால வீட்டில் அரை மணி முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும். முப்பது டிகிரி அடிக்கும் நம் ஊரில் பத்து நிமிடமே தாராளம். குறுகிய கோப்பையைவிட வயிறு அகன்ற கோப்பை நல்லது. பாதிக்குக் கீழே ஊற்றினால் உள்ளங்கைச் சூடு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

உள்ளங்கைச் சூடு உண்மை. உள்ளே ஏறுவதாகத் தோன்றும் சூடு பொய். ஆல்கஹால் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. ரத்தம் மேலே வருவதால் கதகதப்பாகத் தோன்றும், அதே வேகத்தில் உடல் தன் வெப்பத்தை வெளியே இழந்துகொண்டிருக்கும். குளிரில் வெளியே நடக்கப் போகிறவர் குடித்துவிட்டுப் போவது ஆபத்து. கனத்த வெள்ளையில் ஆல்கஹாலும் சற்றுக் கூடுதல். 12 சதவீத ஒயினின் 150 மில்லி கோப்பையில் 14 கிராம் ஆல்கஹால் என்றால், 14 சதவீதத்தில் அது 16 கிராமைத் தாண்டும். எந்த அளவும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது.

ஆகவே சிறு கோப்பையே போதும். அதற்கும் இவை தோதானவை. திறந்த மஸ்கடேயை இறுக மூடிக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். தோலோடு ஊறிய ஒயின் ஒரு வாரம்வரை போகும். காற்றோடு ஆறு ஆண்டு பழகிய வான் ஜோன் வாரக்கணக்கில் நிற்கும். ஒரு விரற்கடை ஊற்றி, ஒரு துண்டு கோம்தே பாலாடைக்கட்டியும் நாலு அக்ரூட்டும் வைத்துக்கொண்டால், டிசம்பரில் திறந்த புட்டி ஜனவரி பிறந்த பிறகும் மேசையில் இருக்கும்.